16 கட்டமும் ஒரு அரைக்குடமும்

போன வாரம் வேறு வேலையாகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனபோது, பழைய ஐடிஇ ஹார்டு டிஸ்கை யுஎஸ்பியில் மாட்டித் திறக்கிற வயர் ஒன்று கண்ணில் பட்டது. வாங்கிவிட்டேன். வீட்டுப் பரணில், அம்மாவின் கிழிந்த புடவைத் துண்டில் சுற்றி, என் முதல் கம்ப்யூட்டரின் 40 ஜிபி டிஸ்க் பல வருஷமாகக் கிடந்தது. மாட்டினால் கொஞ்ச நேரம் கட்கட் என்று சத்தம் போட்டது, சரி போய்விட்டது என்று நினைத்து எழுந்திருக்கும்போது திறந்துகொண்டது. பாதி ஃபோல்டரைக் காணோம். மிச்சத்தில் 11 பாட்டு. பாட்டு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான், பாடகர் கிடையாது, வரி கிடையாது, 2008லும் 2009லும் கொருக்குப்பேட்டையில் ஒரு அறையில் உட்கார்ந்து நானாகத் தட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரானிக் சமாச்சாரங்கள். ஃபைல் பெயர்கள் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்', 'அண்ணன் சொன்னது', 'குடம் 4' என்று போகின்றன. எல்லாவற்றையும் கேட்டேன். ஏழு சகிக்கவில்லை. மீதி நாலு எப்படி வந்தது என்று யோசித்ததில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர், அம்மா கட்டிவந்த ஏலச் சீட்டைக் கொஞ்சம் நஷ்டத்துக்கே தள்ளி எடுத்து வாங்கிக் கொடுத்தது. செகண்டு ஹேண்டு பென்டியம் 4, 512 எம்பி ரேம், தனியாக சவுண்டு கார்டு இல்லை, போர்டிலேயே இருப்பதுதான். அம்மாவிடம் சொன்ன காரணம் பாலிடெக்னிக் படிப்புக்கு ஆட்டோகேட் வேண்டும் என்பது. பொய் இல்லை, ஆட்டோகேடும் போட்டேன், ஒரு தடவை திறந்தும் பார்த்தேன். ஆனால் அதே வாரம் ஒரு நண்பன் எஃப்எல் ஸ்டுடியோவின் டெமோவை சிடியில் போட்டுக் கொடுத்தான், அத்தோடு என் வரைபடப் படிப்பு ஓரங்கட்டப்பட்டது. பெல்ஜியத்தில் இருக்கிற இமேஜ்-லைன் என்ற கம்பெனி 1997ல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் விட்ட, கம்ப்யூட்டரிலேயே இசை செய்கிற சாஃப்ட்வேர் அது. 2003லேயே பெயரை மாற்றிவிட்டார்கள், எங்கள் வட்டாரத்தில் மட்டும் ரொம்ப நாள் 'ஃப்ரூட்டி'தான். "ஃப்ரூட்டி கத்துக்கிட்டியா?" என்று ஒருவன் கேட்க, பக்கத்தில் இருந்த பெரியவர் ஜூஸ் கடை வைக்கப்போகிறாயா தம்பி என்று கேட்டது நிஜமாக நடந்தது.

டெமோவில் எல்லாமே வேலை செய்யும், ஒன்றைத் தவிர. மூடிவிட்டால் அந்த வேலையை மறுபடி திறக்க முடியாது. முடித்ததை வேவ் என்ற ஒலி ஃபைலாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நாளைக்கு வந்து அந்த மூன்றாவது ட்ரம்மை மட்டும் மாற்றலாம் என்றால் நடக்காது. சரி, கம்ப்யூட்டரை அணைக்காமலே விட்டுவிடலாம் என்றால், அது தினமும் முறை வைத்து மின்வெட்டு இருந்த காலம். என்னிடம் யுபிஎஸ் இல்லை. ஆகவே ஒரு மின்வெட்டுக்கும் அடுத்த மின்வெட்டுக்கும் நடுவில் ஒரு பாட்டை ஆரம்பித்து முடித்துவிட வேண்டும். அந்த 11ல் சில திடீரென்று முடிவதைக் கேட்டு, அட, எவ்வளவு துணிச்சலான முடிவு என்று நானே ஒரு நொடி அசந்துபோனேன், அப்புறம்தான் ஞாபகம் வந்தது, கரண்ட் போகிற நேரம் நெருங்கியதும் அவசர அவசரமாக எடுத்து வைத்தவை அவை.

கொஞ்ச நாளில் ஒரு வழி கிடைத்தது. ஒவ்வொரு பகுதியையும் செய்தவுடனே தனித்தனி வேவாக எடுத்து வைத்துவிடுவது, ட்ரம் தனி, பேஸ் என்கிற அடிச்சத்தம் தனி, மேலே வருகிற மெட்டு தனி. மறுநாள் புதிதாகத் திறந்து அந்தத் துண்டுகளை அடுக்கி வேலையைத் தொடர்வது. ஸ்டூடியோக்காரர்கள் இதை ஸ்டெம் என்று சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பந்தா காட்டியிருப்பேன்.

இன்னொரு தலைவலி, தட்டினால் சத்தம் தாமதமாக வருவது. என்னிடம் கீபோர்டு வாங்கக் காசில்லை, டைப் செய்கிற கீபோர்டையே பியானோ மாதிரி வைத்துக்கொள்ள ஃப்ரூட்டியில் வசதி உண்டு, இசட் எழுத்தைத் தட்டினால் ச. தட்டுவேன், ஒரு மூச்சு விட்டபின் ச வரும். ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து அனுப்புகிற பஃபர் என்ற இடம் 4096 என்று இருந்தது, நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற கணக்கில் அது கிட்டத்தட்ட 93 மில்லி செகண்டு. எழுதிப் பார்த்தால் கொசுறு மாதிரி தெரியும், கையால் தாளம் போடுகிறவனுக்கு அது கொருக்குப்பேட்டை ரயில் கேட்டில் மாட்டிக்கொண்ட மாதிரி. ஏசியோ4ஆல் என்று ஒரு இலவச டிரைவர் இருப்பதை பிரவுசிங் சென்டரில் தேடிக் கண்டுபிடித்து, பஃபரை 512க்குக் கொண்டுவந்த அன்று சாப்பிடவே இல்லை. 12 மில்லி செகண்டுக்கும் குறைவு. தட்டினால் அப்போதே சத்தம்.

முதலில் செய்த ஏழும் (சகிக்கவில்லை என்று சொன்னேனே, அவைதான்) ட்ரான்ஸ் என்ற வெளிநாட்டு எலக்ட்ரானிக் ஆட்ட இசையைக் காப்பி அடித்தவை. ஃப்ரூட்டியைத் திறந்தால் ஒரு வரிசையில் 16 கட்டம் இருக்கும். 1, 5, 9, 13ல் கிக் ட்ரம்மை வைத்தால் தும் தும் தும் தும், நடுவில் ஹை-ஹாட் என்ற ஜால்ரா மாதிரியான தட்டை வைத்தால் துஞ்ச் துஞ்ச், வேகத்தை நிமிஷத்துக்கு 140 அடி என்று ஏற்றிவிட்டால் எவனோ ஐரோப்பாவில் ஆடுகிற மாதிரி இருக்கும். அதற்கு மேலே 3எக்ஸ்ஓஎஸ்சி என்ற கருவியில் ரம்பப் பல் வடிவத்தில் மூன்று ஒலி அலையைச் சேர்த்துக் கொஞ்சம் சுதி விலக்கி வைத்தால் ஒரு பெரிய, தடித்த சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் மோகன ராகத்தை ஏறி இறங்க விட்டுவிட்டு, நம்ம ஊர் ராகத்தை எலக்ட்ரானிக்கில் கொண்டுவந்த முதல் ஆள் நான்தான் என்று நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்தேன். மும்பையில் சரண்ஜித் சிங் என்ற சினிமா இசைக் கலைஞர் ரோலண்டு கம்பெனியின் 808 ட்ரம் மெஷின், 303 பேஸ் மெஷின், ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துக்கொண்டு 1982லேயே ராகங்களை வாசித்து இசைத்தட்டாகவே போட்டிருந்தார் என்பது, 2010ல் அது மறுபடி வெளிவந்து உலகம் முழுக்கப் பேசினபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே முடிந்துபோன விஷயம். அளந்ததைக் கேட்ட நண்பர்கள் யாரும் இதுவரை அதைக் கண்டுபிடிக்கவில்லை, தயவுசெய்து யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் தெருக்கோடியில் சட்டி மேளம் அடிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். சாவு, கோயில், கட்சி ஊர்வலம், எதற்குக் கூப்பிட்டாலும் போவார். சட்டியில் தோலைக் கட்டி இரண்டு மெல்லிய குச்சியால் அடிப்பது, பக்கத்தில் பறை, டோல் எல்லாம் நிற்கும். ஒரு நாள் என் ஜன்னல் வழியாகப் போனவர் நின்று கேட்டார். நான் அன்றைக்கு ட்ரான்ஸை விட்டுவிட்டு குத்து அடி ஒன்றை முயன்றுகொண்டிருந்தேன், அதுவும் அந்த 16 கட்டத்துக்குள்ளேயே.

"இன்னாடா தம்பி இது, ஒவ்வொரு அடியும் ரேசன் கடை கியூவுல நிக்கிற மாதிரி நிக்குது."

"குத்துண்ணா."

"இதுவா? இதுல எங்கடா தோளைத் தூக்குறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் ஜன்னல் கம்பியில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். டண்டணக்கா. எல்லோரும் வாயால் சொல்கிற அதே டண்டணக்காதான், நானும் பிறந்ததிலிருந்து கேட்பதுதான், எண்ணிப் பார்த்ததே இல்லை. அவர் போனபிறகு எண்ணினேன். டண் இரண்டு, ட ஒன்று, ண ஒன்று, க்கா இரண்டு. ஆக ஆறு. 16ஐ ஆறால் வகுத்தால் வராது. இரண்டு சுற்று அடித்தால் 12, மிச்சம் நாலு கட்டம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த நாலையும் எதையாவது போட்டு நிரப்பித்தான் இத்தனை நாளும் குத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஃப்ரூட்டியைக் குறை சொல்ல முடியாது. 1980ல் வந்த ரோலண்டு 808லேயே 16 பொத்தான் வரிசையாக இருந்தது, நாலு நாலாக எண்ணுகிற இசைக்கு அது பாந்தமாகப் பொருந்தும், அதையே கணினித் திரையிலும் வைத்தார்கள். மாற்றுவதற்கும் வழி வைத்திருந்தார்கள். செட்டிங்கில் ஒரு தாள அடிக்கு நாலு கட்டம் என்று இருப்பதை மூன்று என்று மாற்றினால் போதும், 16 இருந்த இடத்தில் 12 வந்துவிடும், இரண்டு ஆறு. இதற்கும் கீழே போனால் ஒவ்வொரு தாள அடியையும் அந்த சாஃப்ட்வேர் 96 துளியாகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. 96 நாலாலும் வகுபடும், 24 வரும். மூன்றாலும் வகுபடும், 32 வரும். அதாவது டண்டணக்காவுக்கு உள்ளே இடம் எப்போதும் இருந்தது. திரையில் தெரிந்த கட்டத்தையே தாளம் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டியவன் நான்.

12 கட்டத்தில் போட்டதும் கேட்ட சத்தம் இருக்கிறதே, அதை எழுத்தில் சொல்வது கஷ்டம். டோல் 1லும் 4லும் விழுந்தால் ஆறு என்பது இரண்டு மூன்றாகப் பிரியும். அதே ஆறை டண், டண, க்கா என்று வாய் மூன்று இரண்டாகப் பிரிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதால் காது எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறும், உடம்பு அந்தத் தடுமாற்றத்தைத் தோளில் வாங்கிக்கொள்ளும். என் அபிப்பிராயம் இது, சங்கீதம் படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். சாவு ஊர்வலத்தில் முன்னால் ஆடுகிறவர்களைக் கவனித்தால் காலும் தோளும் ஒரே கணக்கில் போகாது, பார்த்திருப்பீர்கள்.

அப்படியும் அது மெஷின் மாதிரியே இருந்தது. அண்ணன் அடிப்பதை என் நோக்கியாவில் பதிவு செய்து வந்து, ஆடாசிட்டி என்ற ஒலி சாஃப்ட்வேரில் போட்டு, அலையைப் பெரிதாக்கி, என் 12 கட்டத்தோடு வரிசை வைத்துப் பார்த்தேன். டண் சரியாகக் கோட்டில் விழுகிறது. க்காவும் ஏறக்குறைய சரி. நடுவில் இருக்கிற ட, ண இரண்டும், அதிலும் ண, கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் விழுகிறது. எப்போதும் அதே அளவும் இல்லை, வேகம் ஏற ஏறக் கோட்டுக்கு நெருங்கி வருகிறது. 120 வேகத்தில் ஒரு துளி என்பது சுமார் 5 மில்லி செகண்டு. ணவை மட்டும் மூன்று துளி தள்ளி வைத்தேன், பொம்மைக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. 'அண்ணன் சொன்னது' என்ற ஃபைல் அதுதான். அவரிடமே போட்டுக் காட்டினேன். "தேவல" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, அவரிடம் அது பெரிய பட்டம்.

நோக்கியாவில் பதிவு செய்யலாம் என்று தெரிந்ததும் கண்டதையெல்லாம் பதிய ஆரம்பித்தேன். கேட் மூடும்போது அடிக்கிற மணி, ரயில் யார்டில் கூட்ஸ் வண்டி கிளம்பும்போது பெட்டி பெட்டியாகக் கடைசி வரை ஓடுகிற அந்த டமடமடம, காசிமேட்டில் ஐஸ் பாரை உடைக்கிற மெஷின், அடி பம்பு, கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் விழுகிற டக். அந்த போன் ஏஎம்ஆர் என்ற வடிவில்தான் சேமிக்கும், பேச்சுக்காகச் செய்தது, நொடிக்கு 8000 மாதிரிகள் மட்டும், அதனால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற பளபளப்பு எல்லாம் அடியோடு போய்விடும். ஐஸ் மெஷின் ஏதோ தண்ணிக்குள் பேசுகிற மாதிரி வந்தது. மணி நாசம். ஆனால் குடம் மட்டும் அற்புதமாக வந்தது.

பிளாஸ்டிக் குடத்தைச் சொல்கிறேன். தண்ணி லாரிக்கு வரிசையில் வைக்கிற குடம், மஞ்சள், பச்சை, ஊதா. காலிக் குடத்தின் வாயில் உள்ளங்கையால் அறைந்தால் தும் என்று அடிச்சத்தம் வரும். தண்ணீர் ஏற ஏற உள்ளே காற்றுக்கு இடம் குறையும், சுருதி மேலே போகும். குடம் நிரம்புகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், கடைசியில் விசில் மாதிரி ஏறும், சமையலறையில் இருந்துகொண்டே அம்மா குழாயை நிறுத்தச் சொல்வது அந்தச் சத்தத்தை வைத்துத்தான். எலக்ட்ரானிக் இசையில் ஃபில்டரைத் திறப்பது என்று ஒன்று உண்டு, மங்கலான ஒரு சத்தத்தை மெல்ல மெல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது, அதற்கான திருகை மாதக்கணக்கில் திருகியும் எனக்கு அதன் அழகு பிடிபடவில்லை. குடம் நிரம்புவதைப் பதிந்து கேட்டபோது பிடிபட்டது. நுட்பமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல, காதுக்கு மட்டும் பங்காளிகள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் வீட்டு வாசலில் ஆறு குடத்தை வெவ்வேறு அளவு நிரப்பி வரிசையாக வைத்து அறைந்துகொண்டிருந்தேன்.

"டேய், குடிக்கிற தண்ணிடா அது, கைய வெக்காத."

"ரெக்கார்டு ஆகுதும்மா, பேசாத."

"ஆட்டோகேடா?"

ஆறில் பாதி நிரம்பியதுதான் நன்றாக இருந்தது. முழுக்குடம் சத்தமே தராது, காலிக் குடம் ரொம்ப உதறும், பாதிக்குடம் அறைந்தபின் உள்ளே தண்ணீர் ஆடுவதால் சுருதியும் கொஞ்சம் ஆடும். குறைகுடம் கூத்தாடும் என்று சும்மா சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த ஆட்டத்தோடு சேர்த்து 12 கட்டத்தில் அதையே சட்டியாக வைத்து, அடி பம்பின் கீச்சை ஹை-ஹாட்டாக வைத்துச் செய்ததுதான் 'குடம் 4'.

அப்புறம் அந்த ஆடி மாசம். தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்று, பாட்டுக்கு நடுவில் என்னுடையதை ஒரு பத்து நிமிஷம் போடுவதாக மைக் செட்காரரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தேன். பென் டிரைவில் மூன்று கொண்டுபோனேன். முதலில் என் பெருமைக்குரிய ஒன்று, பேஸை அடித்து நொறுக்கிவிடும், 50 ஹெர்ட்ஸில் கிக், வீட்டில் ஹெட்போனில் கேட்டால் மண்டை அதிரும். கம்பத்தில் கட்டியிருந்தது குழாய் ஸ்பீக்கர். அந்தக் கூம்பில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது, குரல் தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆக என் கிக் இல்லை. பேஸ் இல்லை. தெரு முழுக்க டிக் டிக் டிக் டிக் என்று ஹை-ஹாட் மட்டும், யாரோ கடிகாரத்தை மைக்கில் வைத்த மாதிரி. கூழ் வாங்க நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மைக் செட்காரர் வயரை ஆட்டிப் பார்த்தார், பாவம், அவர் மேல் என்ன தப்பு. "லூஸ் கனெக்சன் போல" என்றார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த பாட்டு போட எனக்குத் தைரியம் இல்லை. அவராகவே கைக்கு வந்ததைத் தட்டினார், 'குடம் 4' ஓட ஆரம்பித்தது. அது கேட்டது. நோக்கியா மேல்சத்தத்தை வெட்டியிருந்தது, குழாய் கீழ்ச்சத்தத்தை வெட்டியது, நடுவில் மிஞ்சியதில்தான் குடத்தின் மொத்த உயிரும் இருந்தது. அடிச்சத்தம் வெட்டுப்பட்டாலும் அதன் மடங்குகள் மேலே வந்துகொண்டிருந்தால் காது தானாகவே அடியைப் போட்டு நிரப்பிக்கொள்ளும் என்று பிற்பாடு படித்தேன். அதனால் இப்போதும் பேஸில் கொஞ்சம் கரகரப்பைச் சேர்க்காமல் நான் எதையும் வெளியே விடுவதில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, வரிசையில் நின்ற இரண்டு பையன்கள் தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு ஆட ஆரம்பித்ததுதான். ஒரு நிமிஷம் இருக்கும். பூசாரி பூசைக்கு நேரமாச்சு என்று கைகாட்ட, நிறுத்திவிட்டார்கள்.

இந்த வாரம் அந்த வேவ் துண்டுகளை எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர், மூடினால் திறக்கும், அதுவே ஒரு சொகுசு. ட்ரான்ஸ் ஏழையும் டிஸ்கிலேயே விட்டுவிட்டேன். 'அண்ணன் சொன்னது' கொஞ்சம் உருப்படியாக வந்திருப்பதாகத் தோன்றியதால் அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். மறுநாள் காலையில் வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னணியில் டோல் சூடு காட்டுகிற சத்தம். "மூணாவது அடி இன்னும் சீக்கிரமா வருதுடா." மூன்றாவது அடி என்றால் ண. இன்னும் இரண்டு துளி தள்ளி வைத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை போல. ஆடி மாசம், அவருக்கு ராத்திரியெல்லாம் வேலை.